சேராத மூலை

அந்த வீட்டுப் பின்னறை ஜன்னல் முதலில் கொக்கி மாட்ட மறுத்தது. தையல்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது, மரம் ஊதியிருக்கும் என்று நினைத்து, வெட்டிப்போட்ட துணியில் ஒரு நாடா கிழித்துக் கொக்கிக்குப் பதிலாக இழுத்துக் கட்டிவைத்தாள். அப்புறம் அதன் கதவு பாதியிலேயே நின்றது. அப்புறம் ஒரு நாள் காலையில் கீழ்க்கண்ணாடி தானாகவே விரிசல் விட்டு, மாமனார் படுத்திருந்த கட்டிலின் மேல் ஒரு துண்டு விழுந்தது. நல்லவேளை, போர்வைக்கு மேல் விழுந்தது.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னமும் அவரைக் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே விழுந்துபோய்ப் படுக்கையோடு ஆன பிறகு அவருக்கு உலகம் என்று மிஞ்சியது அந்த ஜன்னல் ஒன்றுதான். அதனால் கட்டிலை ஜன்னலை ஒட்டியே போடச் சொல்லியிருந்தார். முன்பெல்லாம் அதன் வழியே ஒரு பழைய கிடங்கின் கூரையும் அதில் உட்காரும் புறாக்களும் தெரியும். கிடங்கை இடித்த பிறகு பெரிய பள்ளம் ஒன்று தெரிந்தது. அடுக்குமாடிக் கட்டடம் வரப்போகிறதாம், அதற்கும் கீழே இரண்டு தளம் வண்டி நிறுத்தவாம்.

அந்தப் பள்ளத்தைத் தோண்டுகிற பொக்லைனை ஓட்டியது அவருடைய மகன், அதாவது தையல்காரியின் புருஷன்.

வெகுநாள் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே வேலை கிடைத்ததை அவள் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். மத்தியானம் கைகழுவி வந்து சுடுசோறு சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கண்டக்டருக்கும் ஏகப் பெருமை. ஜன்னல் வழியே மஞ்சள் இயந்திரம் கையை நீட்டி மண்ணை வாருவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். மகன் வேலை செய்வதைப் படுத்த இடத்திலிருந்து பார்க்கிற கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும் என்பார். அவருக்குப் பள்ளம் முழுக்கத் தெரியும். தன் சுவரின் அடி மட்டும் தெரியாது.

கண்ணாடி விழுந்த அன்றே புருஷன் புது ஜன்னலுக்குச் சொல்லிவிட்டான். தையல்காரிக்கே ஆச்சரியம். குழாய் ஒழுகினால் ஒரு மாசம் வாளி வைத்துக் காலம் தள்ளுகிற ஆள் அவன். கட்டிலையே முன்னறைக்கு மாற்றிவிடலாமா என்றும் ஒரு முறை கேட்டான். முன்னறையில் தையல் இயந்திரமும் துணி மூட்டைகளுமாக நடக்கவே இடமில்லை, கண்டக்டரும் ஜன்னலை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். புருஷன் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

ஜன்னலைப் பொருத்த அவளுடைய தம்பியைக் கூப்பிட்டார்கள். தச்சு வேலையில் தம்பிக்கு நல்ல பேர் உண்டு. அந்தப் பேரைவிட அவனுடைய கர்வம் ஒரு முழம் நீளம். தான் சேர்த்த மூலையில் தலைமுடி நுழைந்தால் உளியைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று வாடிக்கையாளர்களிடம் சவால் விடுவான். பழைய ஜன்னலைக் கழற்றி எடுத்ததும் சுவர்த் திறப்பில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தான். மேலே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, திறப்பே கோணலாக நின்றது.

"அக்கா, யாரு கட்டின சுவரு இது? கொத்தனாருக்கு அன்னைக்குக் கண்ணு தெரியலையா?" என்றான்.

பழைய வீடு அப்படித்தான் இருக்கும் என்று அக்காவும் சொன்னாள். கட்டிலை நகர்த்த மறுத்த கண்டக்டர் முகத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அப்படியே தன்னையும் சேர்த்து இழைத்துவிடச் சொன்னார்.

தம்பி புது ஜன்னலைத் திறப்பில் தூக்கி நிறுத்தி, அடியிலும் பக்கங்களிலும் மெல்லிய மர ஆப்புகளைச் செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு ஆப்பாகத் தட்டித் தட்டி நேராக்கினான். குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் திருகாணி. அதற்கப்புறம் அவனுக்குப் பிடித்த வேலை. ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடுகிற ஓரச்சட்டம், அவர்கள் பேச்சில் பீடிங். நன்றாகக் காய்ந்த பலகையில் கீறி எடுத்து, உள்விளிம்பை வளைத்து இழைத்து, உப்புத்தாள் போட்டு, கன்னத்தில் தேய்த்துப் பார்த்து மறுபடியும் உப்புத்தாள் போட்டான். நான்கு மூலைகளிலும் சரிசாய்வாக அறுத்து, பசை தடவி, தலையில்லாத சிற்றாணிகளை அடித்து உள்ளே இறக்கி, ஆணிக்குழிகளை மக்கு வைத்து அடைத்தான். முன்னறையில் ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். வரிவரியான மரம் ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஓடித் திரும்பியது போல இருந்தது. மூலை எங்கே என்று நகத்தால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்த அழகுக்கு இனி வெளியே பார்க்கவே வேண்டாம், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார். அன்று பள்ளத்தில் விடுமுறை. வீடே அமைதியாக இருந்தது.

மறுநாள் இயந்திரம் ஓடியது. அதற்கு மறுநாள் மேல் இடது மூலையில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. தையல்காரி தூசி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். தூசி இல்லை.

சாப்பிட வந்த புருஷன் அதைப் பார்த்ததும் சிரித்தான். தலைமுடி என்ன, தலையே நுழையும் போலிருக்கிறதே என்றான். அந்தச் சிரிப்பு அவ்வளவு சீக்கிரம் நின்றது ஏன் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

தம்பி வந்தான். முகம் சுருங்கிப்போயிற்று. மரக்கடைக்காரன் பச்சை மரத்தைக் காய்ந்தது என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டிக்கொண்டே அந்தப் பக்கச் சட்டத்தைக் கழற்றினான். தன் வீட்டில் கட்டிலுக்கென்று எடுத்துவைத்திருந்த பழைய பலகையை அறுத்து, புதுச் சட்டம் செய்து சேர்த்தான். மறுபடி மூலை கூடியது. இரண்டு பொழுது போகவில்லை, மறுபடி வாய் பிளந்தது. இந்த முறை கீழ் வலது மூலையும் சேர்ந்துகொண்டது. அங்கே சட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கி, விளிம்பு நசுங்கிச் சிராய் எழும்பி நின்றது.

தம்பி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. கூடப்பிறந்தவனை அப்படிப் பார்ப்பது அவளுக்குச் சங்கடமாக இருந்தது. தட்டில் சோறு போட்டு, முட்டை ஒன்றை உரித்து வைத்து, அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அப்போதுதான் கண்டக்டர் சொன்னார், இந்தச் சுவர் சில நாளாகச் சொடக்கு எடுக்கிறது என்று. வழக்கம்போல விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று இருவரும் நினைத்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"நான் சும்மா சொல்லல. காது வச்சுப் பாரு," என்றார் மருமகளிடம். "சோம்பல் முறிச்சா விரல் பட்டுப்பட்டுனு வரும்ல, அந்த மாதிரி. மண்ணு வண்டி போனதுக்கு அப்புறம் வருது."

அவள் கட்டிலின் மேல் ஒரு முழங்காலை ஊன்றிக் காதைச் சுவரில் வைத்தாள். சுண்ணாம்பு குளிர்ந்திருந்தது. வெளியே இயந்திரம் உறுமி அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுவருக்குள்ளே வெகு ஆழத்தில் பட் என்று ஒன்று கேட்டது. அவள் காதை எடுத்துவிட்டாள்.

தம்பி என்ன என்று கேட்டான். அவள் மனதில் ஓடியதெல்லாம் தன் தொழில்தான். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போன வாரம் கச்சிதமாக இருந்து, இந்த வாரம் ஊக்கு மாட்ட வரவில்லை என்று பெண்கள் வந்து நிற்பார்கள். தையலைத்தான் குறை சொல்வார்கள். அவளும் முதலில் தையலைப் பிரித்துத்தான் பார்ப்பாள்.

"நீ பீடிங்கயே பாத்துட்டு இருக்கடா," என்றாள் கடைசியில். "துணி சுருங்கல. உடம்பு மாறிடுச்சு."

தம்பி அவளைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். சோற்றுத் தட்டைக் கீழே வைத்தான்.

அவள் துணிக்கு மாதிரி வெட்டும் மெல்லிய தாளில் ஒரு துண்டு கத்தரித்து, மூலைப் பிளவின் குறுக்கே பசை தடவி இறுக்கமாக ஒட்டினாள். தாள் சாயங்காலம் வரை தாங்கவில்லை. விளக்குப் போடப் போனபோது நடுவில் நேராகக் கிழிந்திருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குக் கால் பிடித்துவிடும்போது அவள் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் போட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் புருஷன் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள். ஜன்னல் மட்டும் இல்லை, சுவரே நகர்கிறது என்றாள். பள்ளத்தின் பக்கம் போய் அடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். கட்டடத்துக்காரர்களிடம் கேட்கச் சொன்னாள். அவன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"பெரிய பெரிய ஆளுங்க வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. உனக்கும் உன் தம்பிக்கும் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க இங்க படுக்கலையே. மாமா படுத்திருக்காரு."

"மக்கு வச்சுப் பூசச் சொல்லு அவன. சேக்கத் தெரியலன்னா சொல்லிட்டுப் போகட்டும். அதுக்கு ஏன் வீட்டு மேல பழி போடறான்?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். எழுந்தவன் கையைக் கழுவாமலே போனான்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது, மச்சானே நேரில் வந்து சொன்னாலும் நான் மக்கு வைக்கமாட்டேன் என்றுவிட்டான். ரோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிளவு கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான் அது எவ்வளவு வளர்கிறது என்று தெரியும் என்றான். மூடிவிட்டால் நாம் குருடர்கள்.

ஆனால் அன்று வேலை முடிந்து வந்த புருஷன் கடைத்தெருவுக்குப் போய் மக்கு டப்பாவும் வெள்ளை பெயின்டும் வாங்கி வந்திருந்தான். அப்பாவின் கட்டிலில் ஏறி நின்று, பிளவுக்குள் மக்கைக் கட்டைவிரலால் வைத்து வைத்து அழுத்தினான். மூலையில் வைத்தது போக, அங்கிருந்து சுவரில் மேலேறி ஓடிய, அதுவரை அவள் கவனித்திராத மயிரிழை விரிசலிலும் வைத்து அழுத்தினான். வாசற்படியில் நின்ற அவளுக்கு அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது. பனியனின் நடுவில் வேர்வை இறங்கியிருந்தது. அவ்வளவு வெக்கை அன்று இல்லை. தம்பி வரி தெரிய வேண்டுமென்று பார்த்துப் பார்த்து இழைத்த மரத்தின் மேல் வெள்ளை பெயின்டை அடித்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினான்.

கண்டக்டர் மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ராத்திரி பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. பலமான மழையும் இல்லை. நின்று நிதானமாக, எல்லாவற்றையும் ஊறவைக்கிற மழை. பள்ளத்தில் வேலை நிறுத்திவிட்டார்கள். தேங்கிய தண்ணீரை இறைக்கும் மோட்டாரின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. புருஷன் காலையிலேயே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அங்கே போய்விட்டான். வேலை இல்லாத நாளில் அவனுக்கு அங்கே என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.

மாமனாருக்குக் கஞ்சி கொண்டுபோனபோது காற்று வரட்டும் என்று ஜன்னலைத் தள்ளினாள். அசையவில்லை. புத்தம்புது ஜன்னல், நெய் போட்டது போலத் திறந்துகொண்டிருந்தது, இப்போது சுவர் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. வெள்ளை பெயின்டின் மேல் மூலையில் மறுபடி அதே கோடு. இந்தத் தடவை அதற்குள் விரல் நுனி போயிற்று. விரலை வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமண் இருந்தது.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள். உடனே வா, வண்டி பிடித்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னாள்.

தம்பி வந்து சேர்ந்தபோது கண்ணாடியில் மூலைக்கு மூலை ஒரு கீறல் ஓடியிருந்தது. வண்டி பின்னால் வருகிறது, மாமாவை முதலில் தூக்குவோம் என்றான். கண்டக்டர் சம்மதிக்கவில்லை. மகனைக் கேட்காமல் நான் இந்த இடத்தைவிட்டு வரமாட்டேன், அவன் வந்து சொல்லட்டும் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கைகளில் மட்டும் இன்னமும் பழைய பலம் இருந்தது. தம்பியால் விரலைப் பிரிக்க முடியவில்லை.

தையல்காரி அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"மாமா, நேத்து அவர் மூஞ்சியப் பாத்தீங்கல்ல?"

அவர் பிடியை இன்னும் இறுக்கினார்.

"நானும் பாத்தேன். கைய எடுங்க மாமா."

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

கட்டிலோடு தூக்கினார்கள். தலைமாட்டில் தம்பி, கால்மாட்டில் அவள். பின்னறை வாசலில் கட்டில் சிக்கிக்கொண்டது, சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. முன்னறையில் வாடிக்கையாளர்களின் துணி மூட்டைகளைக் காலாலேயே ஒதுக்கித் தள்ளினாள். வாசல் தாண்டி, மழையில் தெருவைக் கடந்து, எதிர்ச்சாரியில் மூடியிருந்த சைக்கிள் கடையின் தகரப் பந்தலுக்குக் கீழே இறக்கினார்கள். கண்டக்டர் வெகு நாளைக்குப் பிறகு தெருவைப் பார்த்தார். மழைத்துளி விழுந்த முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

தையல் இயந்திரத்தையும் எடுத்துவிடலாம் என்று அவள் மறுபடி உள்ளே போனாள். அப்போதுதான் புருஷன் ஓடிவந்தான். முழங்கால் வரை சேறு. செருப்பு இல்லை. அப்பா எங்கே என்று கேட்டான். வெளியே இருக்கிறார் என்றாள். அவன் நேராகப் பின்னறை வாசலுக்குப் போய், அங்கே நின்றான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டில் இல்லாத அறையை எட்டிப் பார்த்தான், ஆழம் தெரியாத கிணற்றைப் பார்ப்பது போல.

"கஞ்சிக் கிண்ணம் உள்ள இருக்கு," என்றாள் அவள். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"போகாத," என்றான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். தையல் இயந்திரம் உள்ளேயே நின்றுவிட்டது.

அவர்கள் தெருவின் நடுவுக்கு வந்திருப்பார்கள். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. மூட்டையிலிருந்து தானியம் சரிகிற சத்தம், அதற்குள் ஒரு மரம் முறிகிற சத்தம், கடைசியாகக் கண்ணாடி. பின்னறைக் கூரை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, அப்படியே பள்ளத்துக்குள் இறங்கிப்போயிற்று. மழையில் புழுதிகூட எழவில்லை. முன்னறை நின்றது. திறந்த வாசல் வழியாகப் பார்த்தால், பின்னறைக் கதவு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

அக்கம்பக்கத்துச் சனங்கள் குடையோடும் குடையில்லாமலும் ஓடி வந்தார்கள். யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லை, இல்லை என்று தம்பி ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளத்து ஆட்கள் சிலர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு மெதுவாக நகர்ந்துபோனார்கள்.

தையல்காரி தெருவைக் கடந்து வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் மழைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தான், அவளுக்கும் இடிந்த வீட்டுக்கும் நடுவில். நேற்று அவன் விரல் மக்கை அழுத்திய விதம் அவள் கண்முன் வந்து வந்து போயிற்று. சந்தேகப்படுகிற ஆள் அப்படி அழுத்தமாட்டான்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?" என்றாள்.

அவன் உடனே பொய் சொல்லியிருக்கலாம்.

"சுவர் ஓரமா தோண்டச் சொன்ன அன்னைக்கே," என்றான். "பக்கெட்ட இழுத்தேன், நம்ம அஸ்திவாரக் கல்லு பல்லு மாதிரி வெளிய தெரிஞ்சுது. கீழ மண்ணே இல்ல. மேஸ்திரிகிட்டச் சொன்னேன். ஒரு வாரத்துல தடுப்புச் சுவர் எழும்பிடும், அதுவரைக்கும் வாயத் திறந்தா உன் வேலைக்கு வேற ஆளு வருவான்னான். மண்ண அள்ளிப் போட்டு மூடிட்டேன். சுவர் எழும்பிடும்னுதான் நெனச்சேன்."

"ஜன்னல் வாங்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

தம்பி சட்டென்று திரும்பினான். அடித்துவிடுவான் போல ஓரடி எடுத்து வைத்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அடிப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் கணக்கில்லாமல் அந்த அறையில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டிருக்கிறாள், கஞ்சி ஊட்டியிருக்கிறாள். தம்பி அந்தச் சுவரில் ஆணி அடித்திருக்கிறான். அதையெல்லாம் தெரிந்துகொண்டே இவன் அந்தப் பக்கம் மண் வாரியிருக்கிறான், மத்தியானம் வந்து சாப்பிட்டிருக்கிறான். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று சில்லிட்டுக் கிடந்தது.

வண்டி வந்து நின்றது. சாமான் ஏற்றுகிற சின்ன வண்டி, பின்னால் தார்ப்பாய் போட்டது. தம்பியும் ஓட்டுநரும் கட்டிலைத் தூக்கிப் பின்னால் ஏற்றினார்கள். அவள் ஏறி, மாமனாரின் கால்கள் நனையாமல் போர்வையைச் சுற்றிவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்த கண்டக்டர் மெல்லத் தலையைத் திருப்பி, மழையில் நின்ற மகனைத் தேடினார்.

"ஏன்டா நனையற. வா, வந்து ஏறு," என்றார்.

புருஷன் சிறுபிள்ளை போல விடுவிடென்று வந்தான். வண்டியின் பின்பலகையில் கையை ஊன்றி, ஏறுவதற்குக் காலைத் தூக்கினான். கட்டிலுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில், அவளுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. அவள் அந்த இடத்தில் தன் கையை வைத்தாள்.

"நீங்க முன்னாடி உக்காருங்க," என்றாள்.

அவன் தூக்கிய காலை இறக்கினான். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனான். தம்பி பின்னால் ஏறி, பலகையை இழுத்துக் கொண்டியைப் போட்டுவிட்டு, போகலாம் என்று வண்டியின் பக்கவாட்டில் தட்டினான்.